அவர் பின்னால் உட்கார்ந்த நாள்

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடம் துபாயில் வண்டி ஓட்டினார். வேலையாட்களை ரூமிலிருந்து சைட்டுக்கும் சைட்டிலிருந்து ரூமுக்கும் ஏற்றி இறக்குகிற பஸ். அத்தனை வருடத்தில் அவர் யார் பின்னாலும் உட்கார்ந்து போனதாக எனக்குத் தெரியாது. போன வருடம் ஆயுத பூஜை அன்று, மடியில் ஒரு நைட்டி மூட்டையை வைத்துக்கொண்டு, என் எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் பின்சீட்டில் கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரை வந்தார். ஆசையாக வரவில்லை. நான் கேட்டுக்கொண்டதால் வந்தார்.

அதற்குப் பத்து நாள் முன்னால்தான் அவர் ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார். வந்த இரண்டாம் நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து டீ குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கும்போது சொன்னார்: “இனிமே நீ அலைய வேணாம். நான் வந்துட்டேன்ல.”

அன்பாகத்தான் சொன்னார். தொல்லையே அதில்தான். அதட்டிச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கூடவே போட்டிருப்பேன், அதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. அன்பாகச் சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அலைச்சல் என்று அவர் சொன்னது என் வியாபாரத்தை. சென்னை வண்ணாரப்பேட்டையில் மொத்தமாக நைட்டி, உள்பாவாடை, லெக்கின்ஸ், பிள்ளைகளுக்குக் கவுன் என்று வாங்கி வந்து, மரக்காணம் வரைக்கும் உள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போய் விற்பேன். ஆறு வருடமாகச் செய்கிறேன். முதல் மூன்று வருடம் பஸ்ஸில் மூட்டையோடு போய் கண்டக்டர்களிடம் பேச்சு வாங்கினேன். பிறகுதான் இந்த வண்டி. லைசென்ஸ் வேண்டாம், சத்தம் கிடையாது, வேகமும் கிடையாது. சைக்கிளில் போகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்.

தொழிலை அவரிடம் மறைத்தது இல்லை. “நான் வர்ற வரைக்கும் பண்ணு” என்று அவர் போனில் சொன்னார். “நீங்க வர்ற வரைக்கும்தான்” என்று நானும் சொல்லியிருக்கிறேன். அவர் வரப்போகிற நாள் தூரத்தில் இருந்ததால் சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. இப்போது வந்துவிட்டார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வீடும் கட்டியாயிற்று. வியாபாரத்தை விட்டால் நான் காலையில் எழுந்து என்ன செய்வேன் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பயமாக இருந்தது.

“ஒரே ஒரு நாள் என்கூட வாங்க. பாருங்க. அப்புறம் என்ன சொல்றீங்களோ கேக்கறேன்” என்றேன்.

“சரி, வர்றேன். பாத்துட்டு அன்னைக்கு சாயங்காலமே சொல்லிடறேன்” என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான், மாற்றுகிற பழக்கம் கிடையாது. அதனால் அந்த ஒரு நாளில்தான் என் பிழைப்பு முடிவாகப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். மரக்காணம் உப்பளத்து ஆட்கள் அன்றைக்கு வேலைக்குப் போகமாட்டார்கள், பெண்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. வருடத்தில் எனக்கு மிக நல்ல நாள் அது. என்னை நன்றாக ஓடுகிற நாளில் அவர் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

காலை ஏழு மணிக்கு வண்டியை வெளியே எடுத்தேன். கால் வைக்கிற இடத்தில் ஒரு மூட்டை. வழக்கமாகப் பின்சீட்டில் கட்டுகிற மூட்டைக்கு அன்றைக்கு அவர் மடிதான் இடம். அவர் சாவிக்குக் கை நீட்டினார்.

“குடு, நான் ஓட்டறேன்.”

“வழி தெரியுமா?”

நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். துப்பட்டாவுக்கு மேலே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். வண்டி ஒரு முறை நன்றாக அமுங்கி எழுந்தது.

முடிந்த வரைக்கும் நான் ஈசிஆர் மெயின் ரோட்டில் போவதில்லை. அங்கே போகிற கார்களுக்கு என் வண்டி கண்ணில் படுவதே இல்லை. ஊருக்குள் ஊராக, சவுக்குத் தோப்பு ஓரமாக, பிள்ளையார் கோயில், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி என்று திரும்பித் திரும்பிப் போவேன். நேரமாகும், ஆனால் வழியெல்லாம் வாடிக்கை. அன்றைக்கு வெயில் இல்லை. இரண்டு நாள் முன்னால் ஒரு மழை பெய்திருந்ததால் ரோட்டோரப் பள்ளங்களில் தண்ணீர் நின்றது. வீடுகளில் சைக்கிள், மோட்டார் பைக், டிராக்டர் எல்லாவற்றையும் வெளியே நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தெருவெல்லாம் ஷாம்பு நுரை.

பின்னால் இருந்தவர் சும்மா வரவில்லை. “ஹாரன் அடி.” “கண்ணாடியப் பாரு.” “இன்டிகேட்டர் போடாம திரும்பறியே.” ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது, அது என் காலிலும் பட்டது. இரண்டு ஊர் பொறுத்தேன். மூன்றாவது ஊரில் வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன்.

“பஸ் ஸ்டாப் அதோ தெரியுது. பஸ்ல வர்றீங்களா?”

“நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?” என்றார். மடியில் இருந்த மூட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

முதல் வியாபாரம் அனுமந்தையில். என் குரலைக் கேட்டதும் நான்கு வீட்டிலிருந்து பெண்கள் வந்துவிடுவார்கள். மூட்டையைப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றை எடுத்து என் உடம்பிலேயே வைத்துப் பார்ப்பார்கள். நான் எல்லா அளவுக்கும் நடுவில் இருக்கிறேன். என்னைவிடக் குண்டா ஒல்லியா, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அன்றைக்கு வந்தவர்கள் அவரைப் பார்த்ததும் வாசலோடு நின்றுவிட்டார்கள். ஒரு பெண் கதவு இடுக்கிலிருந்து, “அக்கா, ஆம்பள இருக்காரு” என்றாள்.

“எங்க வூட்டுக்காரரு.”

“இருக்கட்டும்க்கா. அவரு எதிர்ல எப்படி உள்பாவாடைய எடுத்துப் பாக்கறது?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் தெருக்கோடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அரை மணி நேரம் அப்படியே நின்றார். அதில் எழுதியிருந்ததை அவர் எத்தனை தடவை படித்திருப்பாரோ. நாற்பது ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலைவனத்தில் ஓட்டிய மனிதர். எனக்கு அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் விற்பதை நிறுத்தவில்லை, அன்றைக்கு அங்கே மட்டும் பதினான்கு நைட்டி போயிற்று.

மரக்காணம் போய்ச் சேரும்போது பதினொரு மணி. உப்பளத்தில் ஆள் இல்லை. பாத்திகளில் மழைத்தண்ணீர் நின்றது. வாரிக் குவித்த உப்பைப் பனையோலை போட்டு மூடியிருந்தார்கள். “உப்பா அதெல்லாம்? இவ்வளவா?” என்று கேட்டார். முப்பது கிலோமீட்டர் தூரத்தில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி.

அவர் கனமும் மூட்டைகளின் கனமும் சேர்ந்து மீட்டரில் சார்ஜ் ஐந்து கட்டையில் இரண்டுக்கு இறங்கியிருந்தது. அது எனக்குப் புதிதில்லை. உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் வீட்டில் எப்போதும் சார்ஜ் போடுவேன். என்னைவிட வயதில் சின்னவள், மூன்று வருடப் பழக்கம். வண்டியை அவள் வாசலில் நிறுத்தி, ஒயரைச் சொருகிவிட்டு, மூட்டையோடு பக்கத்துத் தெருக்களுக்கு நடந்தோம். மூட்டையை அவர் தோளில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு தெருமுனையிலும் அவராகவே நின்று முதுகைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் பழகிவிட்டார்.

வியாபாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தது. திரும்பி வரும்போது எனக்கு நடையிலேயே கொஞ்சம் மிதப்பு வந்திருந்தது. இதைப் பார்த்த பிறகு எந்த மனிதர் வேண்டாம் என்று சொல்வார்?

வாசலுக்கு வந்தால் என் வண்டியை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பளபளவென்று கழுவித் துடைத்து, ஹேண்டில்பாரில் சாமந்திப்பூ மாலை போட்டு, முன் விளக்குக்கு, இரண்டு கண்ணாடிக்கு, சீட்டுக்கு, சக்கரங்களுக்கு எல்லாம் சந்தனம் வைத்து அதன் நடுவில் குங்குமம் வைத்திருந்தது. இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். அந்தப் பெண் ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

“எப்படி இருக்குது பாருங்கக்கா! விபூதி மட்டும் போடல. நீங்க பாய் வூடாச்சே, அதான் சந்தனமும் குங்குமமும் போதும்னு வுட்டுட்டேன்.”

“ஒயர் எங்க?” என்றேன்.

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். சாமி படத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டுச் சாமான்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. உப்பு வாருகிற பலகை, மண்வெட்டி, கூடை, அரிவாள். அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் என் சார்ஜர், அழகாகச் சுருட்டி, பொட்டு வைத்து.

“இன்னைக்கு நாங்க மண்வெட்டியக் கூடத் தொட மாட்டோம்க்கா. பாவம், அது மட்டும் ஏன் வேலை செய்யணும்? நீங்க அந்தப் பக்கம் போனதுமே புடுங்கிட்டேன். ரெஸ்ட் எடுக்கட்டும்.”

வெளியே வந்து சீட்டுக்குக் கீழே இருந்த ரப்பர் மூடியைத் திறந்தேன். சார்ஜ் போடுகிற துளை முழுக்கச் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.

“அதுதானே வாய்?” என்றாள் அவள் பெருமையாக. “அங்கதானே சாப்புடுது. அதான் வாய் நெறைய வெச்சேன்.”

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் அவள் நகக்கண்ணிலெல்லாம் சந்தனம். கல்லில் அவளே அரைத்திருக்கிறாள். தன் வீட்டுச் சாமானுக்குச் செய்ததையெல்லாம் என் வண்டிக்கும் செய்திருக்கிறாள். திட்ட வாய் வரவில்லை. அவரைத் திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை. நல்ல நாள் என்று பொறுக்கி எடுத்துக் கூட்டிவந்தேன், கடைசியில் இப்படி நடுவழியில் நிற்கிற பிழைப்பா உன்னுடையது என்று அவர் கேட்கத் தோதாக நானே செய்துகொடுத்துவிட்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வண்டி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “ஊக்கு இருக்குதா?” என்றார். துப்பட்டாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். துணி கேட்டார். ஊக்கின் முனையால் சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, துணியைத் திரியாக முறுக்கி உள்ளே விட்டுத் துடைத்தார். அந்தப் பெண் பதறிப்போனாள். “தப்புப் பண்ணிட்டேனா?” என்று கண் கலங்கினாள்.

“ஒண்ணும் இல்லம்மா. நல்ல மனசோடதானே செஞ்ச” என்றார் அவர். பிறகு என்னிடம், “உள்ள ஈரம் இருக்குது. இப்ப சொருகுனா மொத்தமும் போயிடும். காயட்டும்” என்றார்.

காய வெயில் வேண்டுமே. வானம் மூடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் முறத்தை எடுத்துவந்து வண்டிக்கு விசிற ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுவில் எழுந்துபோய் இரண்டு தட்டில் பொரியும் சுண்டலும் கொண்டு வந்தாள். “படைக்காததுதான். உங்களுக்குன்னு மொதல்லயே தனியா எடுத்து வெச்சேன்” என்றாள். எந்தப் பண்டிகைக்குப் போனாலும் அவள் அப்படி எடுத்து வைப்பாள், ஒரு நாளும் மறந்ததில்லை. அவர் தட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

ஒரு மணி நேரம் பார்த்தோம். ஈரம் போகவில்லை. மழை வேறு வருகிற மாதிரி இருந்ததால், இருக்கிற இரண்டு கட்டை சார்ஜோடு கிளம்பினோம். எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் போகக்கூடாது என்று அவள் வழிமறித்தாள். நான் அவரைப் பார்த்தேன். “எலுமிச்சம்பழம்தானே, ஏத்து” என்றார்.

கூனிமேடு நுழைகிற இடத்தில் வண்டி நின்றது. பெட்ரோல் வண்டி என்றால் இரண்டு இருமல் இருமிவிட்டு நிற்கும். இது பேசாமல் நின்றுவிடும். அவர் இறங்கி ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தார். மாலை ஆடிக்கொண்டு வந்தது. நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். மூன்று வீடு தாண்டுவதற்குள், “நைட்டிக்கா, வண்டி நின்னுடுச்சா? எங்க வூட்ல சார்ஜ் போடுங்க” என்று ஒருத்தி. எதிர் வீட்டிலிருந்து, “இங்க போடுங்கக்கா, அங்க பிளக் பாயிண்ட் சரியில்ல” என்று இன்னொருத்தி. ஒரு பெண் என் தோளில் இருந்த மூட்டையையே வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் ஒவ்வொருத்தியையும் பார்த்துக்கொண்டே தள்ளிக்கொண்டு வந்தார்.

முதலில் கூப்பிட்டவள் வீட்டை ஒட்டி ஒரு டீக்கடை. அவர் அங்கே மூச்சு வாங்க நின்றார். கடைக்காரர் கேட்டார்.

“பாய், எந்த ஊரு?”

“கோட்டக்குப்பம்.”

“கோட்டக்குப்பமா? பாத்ததே இல்லியே. எனக்கு அங்க எல்லாரையும் தெரியும். யாரு வூட்டு ஆளு?”

அவர் தன் தகப்பனார் பெயரைச் சொன்னார். கடைக்காரருக்குத் தெரியவில்லை. தெரு பெயரைச் சொன்னார். அதிலும் பிடிபடவில்லை. பள்ளிவாசலுக்குப் பக்கத்து சந்து என்றார். கடைக்காரர் யோசித்துத் தலையாட்டினார், தெரியாததற்கு ஆட்டுகிற தலையாட்டல். கடைசியில் அவர் கையை நீட்டி என்னைக் காட்டினார். “இவங்க வூட்டு ஆளு.”

“அட, நைட்டிக்கா வூட்டுக்காரரா! மொதல்லயே சொல்ல வேணாமா? உக்காருங்க, உக்காருங்க” என்று துண்டால் பெஞ்சைத் துடைத்தார் கடைக்காரர்.

அவர் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தார். பிறகு அந்தத் துளையை மறுபடி துடைத்து, ஊதி, விரல் விட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகு அந்தப் பக்கத்து வீட்டில் ஒயரைச் சொருகினார். சின்ன விளக்கு எரிந்தது. அவர் பள்ளிவாசலுக்குப் போய் அஸர் தொழுதுவிட்டு வந்த பிறகும் ஒரு மணி நேரம் சார்ஜ் ஏறியது. இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தோம். வழியில் ஒரு தடவைகூட அவர் ஹாரன் அடிக்கச் சொல்லவில்லை.

மஃரிப் தொழுகை முடித்து வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கீழே உட்கார்ந்து, விற்காத துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

“சாயங்காலம் சொல்றேன்னு சொன்னேன்ல” என்றார்.

“சொல்லுங்க.”

“நாளையிலருந்து நானே போறேன். நீ வூட்ல இரு.”

வேண்டாம் என்று சொன்னால் என்ன பேசுவது, சரி என்று சொன்னால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். இதை நான் நினைக்கவே இல்லை.

“நீங்க போயி?” என்றேன். குரல் ஏறிவிட்டது. “உங்களப் பாத்து ஒரு வூட்ல கதவு தொறந்தாங்களா? தொட்டியப் பாத்துக்கிட்டு நின்னீங்களே, மறந்துடுச்சா? யாருக்கு என்ன அளவு, யாருக்கு நீலம் ஆவாது, யாரு மாமியாருக்குத் தெரியாம வாங்கறா, இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?”

“கத்துக்கறேன்.”

“ஆறு வருஷம் வெயில்ல நடந்து நான் சேத்துவெச்சது. எடுத்துக் குடுத்துட்டு நான் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?”

அவர் என் முன்னால் இருந்த துணிக்குவியலைப் பார்த்தார். பிறகு, “அந்த டீக்கடைல எங்கத்தா பேரச் சொன்னேன். தெருவச் சொன்னேன். ஒண்ணும் எடுபடல” என்றார். “துபாய்லயும் டிரைவர்னுதான் கூப்புட்டாங்க, யாருக்கும் பேரு தெரியாது. இங்க வந்தாலும் அதே கதைதான். உனக்கு எந்த ஊருக்குப் போனாலும் நாலு வூடு இருக்குது. எனக்கும் போறதுக்கு நாலு வூடு வேணும்மா.”

இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அனுப்புவார், அனுப்பியது வந்ததா என்று கேட்பார், அவ்வளவுதான். முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்று கேட்டார், அதுவும் என்னுடையதைக் கேட்டார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை.

“குடுக்க மாட்டேன்” என்றேன். “கூட்டிக்கிட்டுப் போறேன்.”

அவர் நாற்காலியிலிருந்து இறங்கி என் எதிரில் உட்கார்ந்து, ஒரு நைட்டியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். கழுத்து உள்ளே போகிற மாதிரித் தப்பாக மடித்தார். பிரித்து மறுபடி மடிக்கச் சொன்னேன்.